பூஜை போட்ட கல்லும் ஒன்னேகால் இன்ச்சும்

புதுசா வேலைக்குச் சேந்திருக்கிற அஞ்சு பேருக்கும் சொல்றேன்.

எனக்கு இருபத்தேழு வயசுதான். இந்த வயசுல "என் அனுபவம் என்னன்னா"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சா சிரிப்புதான் வரும், தெரியும். சிரிச்சு முடிங்க, நிக்கிறேன். அடுத்த மாசத்துலேருந்து நான் கோலாலம்பூர்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து பிளான் வரையற வேலைக்குப் போறேன். அஞ்சு வருஷமா கோலசிலாங்கூருக்கும் சபாக்குக்கும் நடுவுல இருக்கிற எஸ்டேட்டுங்கள்ல முட்டி போட்டு டைல் பதிச்சாச்சு. முட்டி ரெண்டும் ரிட்டையர் ஆயிடுச்சு, அதனால நானும் ரிட்டையர். ரிட்டையர் ஆனவன் பேசினா புதுசுங்க கேட்டுத்தான் ஆகணும் லா.

கலவைக்கு எத்தனை சட்டி மணல், ரசமட்டத்துல குமிழி எங்க நிக்கணும், இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. அத என்கூட வேலை பாக்கிற மேஸ்திரி, சபாக் ஊர்க்காரரு, நம்ம சபாக்கார அண்ணன் ரெண்டே நாள்ல கத்துக் கொடுத்துடுவாரு, ஏச்சோட சேத்து. நான் சொல்லப் போறது ஒரே விஷயம். குளிக்கிற ரூம்ல மொத கல்ல எங்க வெக்கிறது. இதுல என்னடா இருக்குன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. காலேஜ்ல ரெண்டு வருஷம் கட்டட வேலை படிச்சிட்டு வந்தவன், எனக்கு எவன் சொல்லணும்னு ஒரு திமிரு.

வேலைக்கு வந்த புதுசுல ஜெராம்ல ஒரு கடைக்காரர் வீடு. புஸ்தகத்துல போட்டிருந்த மாதிரியே ரூமுக்கு நட்டநடுவுல கோடு போட்டு, அங்கேருந்து ஆரம்பிச்சு, நாலு ஓரத்துலயும் ஒரே அளவுல துண்டு வர மாதிரி பதிச்சேன். அவ்ளோ அழகு. சாயங்காலம் அவரு ஒரு சிமெண்டுத் தொட்டிய நாலு பேர வெச்சுத் தூக்கிட்டு வந்து சரியா அந்த நடுவுலயே எறக்கிட்டாரு. "வேற எங்க வெச்சாலும் பைப்பு எட்டாது தம்பி"ன்னாரு. அப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும். வரல.

புத்தி வந்தது ஒரு எஸ்டேட்டு ஆஸ்பத்திரில. எந்த எஸ்டேட்டுன்னு சொல்ல மாட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம், மூணு பக்கமும் ரப்பர் காடு. எமர்ஜென்சி வந்தப்புறம் மத்த எடம் மாதிரிதான் அங்கயும், தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்தையெல்லாம் ஒன்னா சேத்து, சுத்தி முள்ளுக்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட்டு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டு மூடிடுவாங்க. அதுக்கப்புறம் கர்பியூ. தொரையோட காரு வந்தாலும் போன் மேல போன் போட்டுத்தான் தொறக்கணும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. புள்ளத்தாச்சிக்கு ஏழு மணிக்கு வலி வந்தா என்ன பண்றது? கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ஆர்டர் வரணும், காவலுக்கு ஆள் வரணும், லோரி வரணும். அதுக்கு முந்தின வருஷம் ஒருத்தி கேட்டு கிட்டயே லோரிக்குள்ள பெத்துட்டா. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. அந்தப் பையனுக்கு வீட்டுல வெச்ச பேரு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. லயம் முழுக்க அவன் பேரு லோரி.

அதுக்காகத்தான் எஸ்டேட்டு ஆஸ்பத்திரிலயே பிரசவ ரூமு ஒன்னு கட்டினாங்க. பக்கத்துலயே குளிக்கிற ரூமு. பிரசவம் பாக்க ஒரு மிஸ்ஸியும், அதான் நர்ஸு, வந்தாங்க. வேதக்கார வீட்டுப் பொண்ணு, என்னவிட ஒரு வயசு கூட இருக்கும், வாய் மட்டும் பத்து வயசு கூட. ஆனா அவங்க நிலைமை அந்தரத்துல. ஹெல்த் ஆபீசர் வந்து குளிக்கிற ரூம பாத்து பாஸ் போட்டாத்தான் மிஸ்ஸிக்கு அங்க வேலை. பாஸ் ஆகலைன்னா அவங்கள பத்தாங் காலி பக்கம் வேற எஸ்டேட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்த எஸ்டேட்டுப் பொம்பளைங்களுக்கு மறுபடியும் லோரிதான்.

ஹெல்த் ஆபீசர் வர்றது வியாழக்கெழம காலைல பத்து மணிக்கு. நாங்க டைல் பதிக்கப் போனது புதன்கெழம. ஒரே நாள். சுவரெல்லாம் ஏற்கெனவே சிமெண்டு பூசி முடிஞ்சிருச்சு, தரை மட்டும்தான் பாக்கி. வழுக்காத வெள்ளை டைலு, ஆறு இன்ச்சுக்கு ஆறு இன்ச்சு. படம் போட்டது யாரு? நான்தான், மூணு மாசம் முன்னாடி. கெழக்கு மேற்கா பதினஞ்சு வரிசை, ஒரு வரிசைக்குப் பன்னெண்டு கல்லு. ஒரு கல்லு கூட வெட்ட வேணாம், அவ்ளோ கணக்கா வரும். அந்தப் படத்த நான் காட்டாத ஆளே கெடையாது.

காலைல எட்டு மணிக்கு லோரி கேட்டுக்கு வந்துடுச்சு. டைலு, மணல், சிமெண்டு எல்லாத்துக்கும் கடுதாசி இருக்கு. சந்து அடைக்க ஒரு பை வெள்ளை சிமெண்டு கடைசி நேரத்துல தூக்கிப் போட்டேன், அதுக்கு மட்டும் கடுதாசி இல்ல. கேட்டுல காவலுக்கு நின்ன மலாய்க்கார எஸ்.சி., அதான் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், அந்தப் பையத்தான் தொறந்தாரு. வெள்ளையா, நைசா, கைல எடுத்தா பவுடரு மாதிரி. அரிசி, மாவு எதுவும் பர்மிட்டு இல்லாம வேலிய தாண்டக் கூடாது, காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுங்க கைக்குப் போயிடும்னு சட்டம்.

"இனி தெப்போங்," அப்படின்னாரு. இது மாவுன்னு முடிவே பண்ணிட்டாரு.

"தெப்போங் இல்ல பாங்," அண்ணேன்னு மலாய்ல கெஞ்சினேன். " சிமென். வெள்ளை சிமென்."

சிமெண்டு சாம்பல் கலர்லதான இருக்கும்னு மலாய்ல திருப்பிக் கேட்டாரு. நியாயமான கேள்விதான். நான் காலேஜுல படிச்சதையெல்லாம் இங்கிலீஷ்ல எடுத்து விட்டேன். அவரு கேட்டுட்டு, மாவு கடத்தறவன்தான் இவ்ளோ பேசுவான்ங்கற மாதிரி என்னப் பாத்தாரு.

சபாக்கார அண்ணன்தான் எறங்கி வந்து, ஒரு பிடி எடுத்து, தகர மூடில தண்ணி விட்டுக் கொழச்சு, அவரு காலடியில வெச்சாரு. "காயட்டும் பாங். கல்லாச்சுன்னா சிமெண்டு. தோசையாச்சுன்னா இந்தக் காலேஜுக்காரன பிடிச்சு உள்ள போடுங்க."

எஸ்.சி.க்கு அந்த யோசனை ரொம்பப் பிடிச்சிருச்சு. நாற்காலிய இழுத்துப் போட்டு அந்த மூடியையே பாத்துட்டு உக்காந்துட்டாரு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வெரல வெச்சு அமுக்குவாரு, தலைய ஆட்டுவாரு, மறுபடியும் உக்காருவாரு. ரெண்டேமுக்கால் மணி நேரம். கடைசில துப்பாக்கிக் கட்டையால ஒரு தட்டு தட்டினாரு. டக்குன்னு சத்தம். சிரிச்சிட்டே கேட்ட தொறந்து விட்டாரு. மணி பதினொன்னு.

ஆஸ்பத்திரில எறங்கினா வாசல்ல இருவது பொம்பளைங்க. விடியக்காலைல மழை, அன்னிக்கு ரப்பர் பால் வெட்டு இல்ல, எல்லாரும் வீட்டுலதான். கைல தட்டு, மஞ்சள், குங்குமம், சூடம், ஒரு தேங்கா.

"எவ்ளோ நேரம் லா தம்பி," ஆயாக்கொட்டாய்ல புள்ளைங்கள பாத்துக்கற அக்கா சத்தம் போட்டாங்க. "பன்னெண்டு மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள மொத கல்லு உக்காரணும். பொறக்கற புள்ளைங்க ரூமு, வெளையாட்டா?"

ஈசானிய மூலைலதான் மொத கல்லுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. வடகெழக்கு மூலை. நம்ம ஆளுங்க வீடு கட்டினாலும் கெணறு வெட்டினாலும் அங்கதான ஆரம்பிப்பாங்க. எனக்கும் ஒன்னும் கஷ்டமில்ல. கதவு தெக்குச் சுவத்துல மேற்கு ஓரமா இருக்கு, தண்ணி போற ஓட்டை மேற்குச் சுவரு ஓரம். கெழக்குச் சுவத்துலேருந்து ஆரம்பிச்சு வரிசை வரிசையா கதவ பாத்து வந்தா வேலையும் சுலபம்.

சபாக்கார அண்ணன் மட்டும் என் காதுகிட்ட வந்து, "தம்பி, ஒருக்கா அளந்துடலாமா? சும்மா கலவை இல்லாம ஒரு வரிசை பரப்பிப் பாத்துட்டு வெக்கலாமே"ன்னாரு.

"படம் நான் போட்டதுண்ணே," அப்படின்னேன்.

இந்த மூணு வார்த்தைய நல்லா பாத்து வெச்சுக்கங்க. உங்க வாயிலேருந்து இது வந்துச்சுன்னா, கரண்டிய கீழ வெச்சுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

மொத கல்ல வெக்க பாக்கியத்த கூப்பிட்டாங்க. பால்மரம் வெட்டற பொண்ணு, ஆறு வருஷமா வெட்டறா. இது ஒம்பதாம் மாசம், இன்னும் மூணு வாரத்துல தேதி. மூத்தத லயத்துலயே பெத்து ரெண்டு நாள் சாகக் கெடந்தவ. இந்தப் பிரசவ ரூமுல மொத ஆளு அவதான்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பேரு கைய பிடிக்க, மெதுவா உக்காந்து, மஞ்சள் தடவின கல்ல கலவை மேல வெச்சு அமுக்கினா. சூடம் காட்டினாங்க. மிஸ்ஸி ஓரமா நின்னு கண்ண மூடி அவங்க பங்குக்கு ஒரு ஜெபம் பண்ணினாங்க. மணி பதினொன்னே முக்கால்.

நாங்க ரெண்டு பேரும் பேய் மாதிரி வேலை பாத்தோம். நூல் பிடிச்சு, கலவை பரப்பி, கல்லு வெச்சு, தட்டி, அடுத்தது. சாப்பாடு கூட நின்னுட்டேதான். மூணு மணிக்குப் பதினாலாவது வரிசை முடிஞ்சுது. நான் நிமுந்து, இன்னும் ஒரே வரிசைதான்னு பெருமையா சுவத்த பாக்கிறேன்.

பதினஞ்சாவது வரிசைக்கு எடம் இல்ல.

கல்லுக்கும் மேற்குச் சுவத்துக்கும் நடுவுல ஒன்னேகால் இன்ச்சு சந்து. அவ்ளோதான். நான் முதல்ல என்ன நெனச்சேன் தெரியுமா? சுவரு நவுந்துருச்சுன்னு நெனச்சேன். அது நெசமாவே நவுந்துதான் இருந்துச்சு. மேற்குச் சுவரு இல்ல, கெழக்குச் சுவரு. நான் படம் போட்டுக் குடுத்தப்புறம் ஆர்மி ஆபீசர் ஒருத்தரு வந்து பாத்திருக்காரு. கெழக்கால ரப்பர் காடு, அங்கேருந்து சுட்டா குண்டு உள்ள வரும், உள்பக்கம் இன்னொரு சுவரு வெச்சுக் கட்டுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கட்டிப் பூசினதுல ரூமு அஞ்சு இன்ச்சு சின்னதாயிடுச்சு. எனக்கு யாரும் சொல்லல. நானும் யாரையும் கேக்கல. ஒரு அளவு நாடாவ எடுத்து நீட்டியிருந்தா சுவரே சொல்லியிருக்கும்.

"பூசி மூடிடலாமா?" அண்ணன் கேட்டாரு. அவரு அத விரும்பிக் கேக்கல. மணி மூணு. எங்க லோரி அஞ்சரைக்குக் கெளம்பணும், இல்லாட்டி கேட்டு மூடிடும்.

அந்த நேரம் பாத்து மிஸ்ஸி வந்தாங்க. சந்த பாத்தாங்க. என்ன பாத்தாங்க.

"இது என்ன?"

"டிசைன் மிஸ்ஸி."

அவங்க குந்தி உக்காந்து அந்தச் சந்துல ஒரு வெரல விட்டு ஓட்டை வரைக்கும் இழுத்துட்டுப் போனாங்க. "டிசைனு. ஒரு பொம்பளைய குளிப்பாட்டினா தண்ணியும் ரத்தமும் எல்லாம் இங்கதான் வரும். இதுல மெல்லிசா சிமெண்டு வெச்சா ஒரு மாசம் நிக்குமா?"

"நிக்காது," அப்படின்னாரு அண்ணன்.

"அந்த ஆபீசர் பாக்கெட்டுல பேனாக்கத்தி வெச்சிருப்பாரு. மூலைக்கு மூலை குத்திப் பாப்பாரு. எனக்கு இங்க வேலை இருக்கா இல்லையான்னு இந்த ஒன்னேகால் இன்ச்சுதான் முடிவு பண்ணப் போகுது, அப்படித்தான மிஸ்டர் டிசைனு?"

எனக்கு வழி தெரியும். இது எந்தப் புஸ்தகத்துலயும் இருக்கிற வழி. ஓரத்துல வர்ற துண்டு பாதிக் கல்லுக்கும் கம்மியா இருந்தா, ஒரு முழு வரிசைய எடுத்துட்டு, மிச்ச எடத்த ரெண்டு ஓரத்துக்கும் சமமா பங்கு போடணும். அப்ப கெழக்குலயும் மேற்குலயும் பாதிக்கு மேல இருக்கிற துண்டு வரும், பாக்கவும் நல்லாருக்கும், நிக்கவும் நிக்கும். அதுக்கு எல்லாக் கல்லையும் பேத்து நவுத்தணும். நூத்தி அறுபத்தெட்டுக் கல்லு, ரெண்டரை மணி நேரம். முடியுமான்னு யோசிக்கல. உளிய எடுத்துட்டு நேரா வடகெழக்கு மூலைக்குப் போனேன்.

"அண்ணே. அந்தக் கல்லுல கைய வெச்சீங்க, நான் இங்கயே பெத்துருவேன்."

திரும்பிப் பாத்தா பாக்கியம். கதவுல சாஞ்சு வயித்த பிடிச்சிட்டு நிக்கிறா. அவளுக்குப் பின்னாடி ஆயாக்கொட்டாய் அக்கா.

"கணக்கு தப்பாயிடுச்சு பாக்கியம். எல்லாத்தையும் அரைக் கல்லு நவுத்தணும்."

"நவுத்துங்க. அது மட்டும் இருக்கட்டும்."

"அது இருந்தா மத்தது நவுறாது."

"அப்ப மத்ததும் இருக்கட்டும்."

சபாக்கார அண்ணன் குனிஞ்சுக்கிட்டாரு. சிரிக்கிறாருன்னு முதுகுலயே தெரியுது.

"வெச்ச கல்ல எடுத்தா என்ன அர்த்தம்னு தெரியுமா தம்பி?" அக்கா கேட்டாங்க. "புள்ள பொறக்கற எடத்துல? ஒருத்தி வர மாட்டா."

நான் மிஸ்ஸிய பாத்தேன். அவங்களாவது என் பக்கம் பேசுவாங்கன்னு. அவங்க சொன்னாங்க: "எனக்குச் சூடம் கீடம் எல்லாம் கெடையாது, உங்களுக்கே தெரியும். ஆனா அக்கா சொல்றது சரி. இவங்க வராத ரூமுக்கு ஆபீசர் பாஸ் போட்டா என்ன, போடலைன்னா என்ன? நான் தனியா உக்காந்து பாட்டுப் புஸ்தகம் படிச்சிட்டிருக்கணும்."

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தறேன், ஏன்னா இதான் உங்களுக்கு நாளைக்கே நடக்கும். நம்ம வேலை செய்யற எடத்துல மொத கல்லுக்கு எவனாவது சூடத்தோட வருவான். வரட்டும், தடுக்காதீங்க. ஆனா சூடம் ஏத்தறதுக்கு முன்னாடி அளந்து, பரப்பி, பாத்து முடிச்சிருக்கணும். சூடம் காட்டற வரைக்கும்தான் அந்தக் கல்லு உங்களுது. அப்புறம் அது அவங்களுது.

சரி. நான் உளியோட நிக்கிறேன். பேக்கவும் முடியாது, பூசவும் முடியாது. மணி மூணே கால்.

பாக்கியத்துக்கு நிக்க முடியல, அண்ணன் கவுத்துப் போட்ட வாளில அவள உக்கார வெச்சாரு. அவ அங்கேருந்தே தரைய ஒரு சுத்து பாத்தா. "சந்து எந்தப் பக்கம்ணே வந்திருக்கு?"

"மேற்கால. தண்ணி போற பக்கம்."

"தண்ணி போற எடத்துல எதுக்குக் கல்லு?"

"பின்ன?"

"நீங்க மரம் வெட்டிப் பாத்ததில்லையா?"

"நான் காலேஜு."

"தெரியுது." அவ கையால காத்துல ஒரு மரத்த வரைஞ்சா. "நாங்க புது மரத்துல கோடு போடறதுக்கு முன்னாடி மங்கு எங்க கட்டப் போறோம்னு பாப்போம். பால் அதுலதான வந்து விழணும். அதுக்கு நேரா மேல ஒரு காவா, வாய்க்கா மாதிரி, கீறுவோம். அதுக்கப்புறம்தான் வெட்டுக் கோடு எங்க ஆரம்பிக்கறதுங்கற பேச்சே. நீங்க மங்கையும் பாக்கல, காவாவும் கீறல. இஷ்டத்துக்கு வெட்டிட்டு வந்து, பால் வழியுதேன்னு நிக்கிறீங்க."

அண்ணன் சிரிக்கறத நிறுத்திட்டாரு. நான் அந்தச் சந்தையே பாத்துட்டு நிக்கிறேன். தலைக்குள்ள கணக்கு ஓடுது. கடைசி வரிசைய, அந்தப் பதினாலாவது வரிசைய மட்டும் எடுத்துட்டா? சந்து ஏழு இன்ச்சுக்கு மேல வரும். அது சந்து இல்ல, காவா. மெல்லிசா பூசினாத்தான் பேந்து வரும். ஏழு இன்ச்சு அகலத்துல கெட்டியா கலவை போட்டு, நடுவுல குழிவா, சுவத்தோடயே வளைஞ்சு ஏறற மாதிரி, ஓட்டைய பாத்துச் சரிவா இழுத்துட்டா? ஒரு கல்லு கூட வெட்ட வேணாம். பூஜைக் கல்லு அங்கயே இருக்கும். தண்ணி தரை முழுக்க ஓடி ஓட்டைய தேடிட்டு நிக்காம, காவாவுல எறங்கிப் போயிட்டே இருக்கும். நான் போட்ட படத்தவிட இது நல்லாருக்கு. அத ஒத்துக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. பொய் சொல்லக் கூடாது, ரெண்டு நிமிஷம்.

"அண்ணே, கடைசி வரிசை இன்னும் பச்சையாத்தான இருக்கு?"

அவரு அப்பவே கரண்டிய அடியில குடுத்து அந்த வரிசைல ஒரு ஓரக் கல்ல தூக்கிட்டாரு.

பன்னெண்டு கல்லும் உடையாம வந்துச்சு. குழிவு எப்படி ஒரே மாதிரி கொண்டு வர்றதுன்னு முழிச்சப்ப மிஸ்ஸி மருந்து ரூமுக்குப் போயி ஒரு பெரிய கண்ணாடி பாட்டில கழுவிக் கொண்டாந்தாங்க. அத கலவை மேல வெச்சு முன்னாடி பின்னாடி உருட்டினோம். ரெண்டு வெரல் ஆழம், கால் வெச்சாலும் தடுக்காது. பாக்கியம் வாளியில உக்காந்தபடியே மேஸ்திரி வேலை பாத்தா.

"அங்க மேடா இருக்கு."

"எங்க?"

"உங்க மூக்குக்கு நேரா. ஆங், அதான். காலேஜுல மூக்கு எங்க இருக்குன்னு சொல்லித் தரலையா?"

"பாக்கியம், உனக்கு வலி கிலி ஒன்னும் வரலியா?"

"வந்தா உங்களுக்கு வசதியா போயிடும்னு அடக்கிட்டிருக்கேன்."

அஞ்சு இருவதுக்கு முடிச்சோம். அஞ்சரைக்கு லோரில ஏறினோம். காயறதுக்கு ராத்திரி முழுக்க இருக்கு.

வியாழக்கெழம காலைல வந்தா கேட்டுல அதே எஸ்.சி. தூரத்துலேருந்தே "தெப்போங்"னு கைய காட்டினாரு. உள்ள பொம்பளைங்க பாதிப் பேரு வெட்டு முடியறதுக்கு முன்னாடியே எப்படியோ வேலைய மேற்பாக்கிற மண்டோர ஏமாத்திட்டு வந்து ஆஸ்பத்திரி வேலி ஓரம் நிக்கிறாங்க. மிஸ்ஸி வெள்ளை உடுப்ப கஞ்சி போட்டுத் தேச்சுப் போட்டிருந்தாங்க. வாயே தொறக்கல. அவங்க பேசாம இருந்தத நான் பாத்தது அன்னிக்கு மட்டும்தான்.

ஹெல்த் ஆபீசர் வெள்ளைக்காரரு, ஒல்லியா, உயரமா. பேனாக்கத்தி நெசமாவே வெச்சிருந்தாரு. குனிஞ்சு நாலு மூலையும் குத்தினாரு. கல்லுக்கு நடுவுல குத்தினாரு. காவாவுல மட்டும் ஏழெட்டு எடத்துல குத்தினாரு. அப்புறம் ஒரு வாளித் தண்ணிய வாங்கி, வடகெழக்கு மூலைல, அந்த மஞ்சள் காயாத கல்லு மேலயே கவுத்துட்டாரு.

தண்ணி பரவுச்சு, நழுவுச்சு, எல்லாம் ஒன்னா காவாவுக்கு வந்து, திரும்பி, ஓட்டைல போயிருச்சு. ஒரு எடத்துலயும் நிக்கல.

இந்தக் காவா படத்துல இல்லையே, யாரு யோசனைன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. நான் வாயத் தொறந்துட்டேன். முழுசா தொறந்துட்டேன், காத்து கூட உள்ள போயிருச்சு. மிஸ்ஸி முந்திட்டாங்க. கதவுக்கு வெளிய வயித்தோட நின்ன பாக்கியத்த காட்டி, "அந்த ரப்பர் டேப்பரோட, பால் வெட்டற பொண்ணோட யோசனை சார்"னாங்க.

அவரு பாக்கியத்த பாத்தாரு. தொப்பிய கழட்டினாரு. நோட்டுல என்னமோ எழுதினாரு, கையெழுத்துப் போட்டுக் கிழிச்சு மிஸ்ஸி கைல குடுத்தாரு. மிஸ்ஸி அத ரெண்டு தடவ படிச்சாங்க, அப்புறம் வேலிப் பக்கம் திரும்பி ஒரு தலையாட்டல். அவ்ளோதான். பொம்பளைங்க போட்ட சத்தத்துல பாவம் ஆபீசரு தொப்பிய கீழ போட்டுட்டாரு.

அதுக்கப்புறம் அந்த ஆபீசரு சொல்லி இன்னும் நாலு எஸ்டேட்டுல அதே மாதிரி காவா வெச்சுக் கட்டினோம். நாலுலயும் நான் படம் போடறதுக்கு முன்னாடி நாடாவோட போயி ரூம அளந்தேன். தண்ணி எங்க போகுதுன்னு பாத்தேன். அந்த ரூமுல குளிக்கப் போறது யாருன்னு கேட்டு, அவங்கள கூட்டிட்டு வந்து நிக்க வெச்சுக் கேட்டேன். திட்டு வாங்கினேன். அதுக்கப்புறம்தான் மொத கல்லு. நீங்களும் அப்படியே செய்யுங்க, திட்டு உள்பட.

ஆபீசரு வந்துட்டுப் போயி மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் சபாக் பக்கம் வேலைல இருந்தோம். அந்த எஸ்டேட்டு லோரிக்கார அண்ணன் எங்கள பாத்து வண்டிய நிறுத்தினாரு. முந்தா நாள் கேட்டு மூடி அரை மணி நேரத்துல பாக்கியத்துக்கு வலி வந்துச்சாம். யாரும் போன் போடல, யாரும் லோரிய தேடல. லயத்துலேருந்து நூறு அடி நடந்து போயி மிஸ்ஸிகிட்ட படுத்துட்டா. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க.

சபாக்கார அண்ணன் தலைல கட்டியிருந்த துண்ட அவுத்து மொகத்த தொடச்சுக்கிட்டாரு. லோரிக்கார அண்ணன் கெளம்பப் போனவரு மறுபடியும் தலைய வெளிய நீட்டினாரு.

"பாக்கியம் உங்ககிட்ட ஒன்னு சொல்லச் சொல்லுச்சு தம்பி. காலைல குளிப்பாட்ட உக்கார வெச்சாங்களாம், சும்மா உக்காந்திருந்தப்ப பாத்துச்சாம். கெழக்கேருந்து ஒம்பதாவது வரிசைல நாலாவது கல்லு கோணலாம்."

அடுத்த வாரம் நூலும் மூலை மட்டமும் எடுத்துட்டு வேணும்னே போயி அளந்து பாத்தேன்.

கோணல்தான்.